பின்னால் வருகிறவன்

அன்புள்ள அக்கா,

இன்று பிற்பகல் முற்றத்தில் அந்த வாசனை வந்தது. ரப்பர் கருகுவது போலவும் இருக்காது, முடி கருகுவது போலவும் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் நின்று தொண்டையைப் பிடிக்கும். பிரேக் கட்டை சூடேறினால் வருகிற வாசனை. பாப்பாவின் பள்ளிக்கூடத்துப் பச்சை லோஞ்ஜியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்திருப்பீர்கள்.

பாலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்போதுதான் பஸ்ஸை உள்ளே கொண்டுவந்திருந்தார் உங்கள் கொழுந்தன். பின்னால் கட்டி இழுத்த ஜீப். என்ன வாசனை என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, புதுக் கட்டை போட்டிருக்கு, மொதல்ல அப்படித்தான் இருக்கும்" என்றார், டயரைப் பார்த்துக்கொண்டு. அவர் நம் முகத்தைப் பார்க்காமல் ஒண்ணுமில்லை என்றால் என்னமோ இருக்கிறது என்று நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் உபயோகமான தகவல் அது.

நாளைக் காலை பஸ் திருவிழாவுக்குக் கிளம்புகிறது. இந்த வருஷம் கடைசி சீட்டில் தான்தான் உட்காருவேன் என்று பாப்பா அடம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் இடம். பின்பக்கம் பார்த்துப் போட்ட அந்த ஒற்றைப் பலகை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று முழத்தில் ஜீப்பின் மூக்கு. சரி என்று நான் இன்னும் சொல்லவில்லை. அந்த வாசனை வந்த பிறகு எப்படிச் சொல்வது? யாரிடம் கேட்பது என்று யோசித்தபோது உங்கள் நினைப்புத்தான் வந்தது. நீங்கள் போனதிலிருந்து எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டு, இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். தாமதம்தான். கோபித்துக்கொள்ளுங்கள்.

நான் இந்தத் தாகேதா வீட்டுக்கு மருமகளாக வந்தபோது பஸ் மட்டும்தான் இருந்தது. சண்டைக் காலத்து லாரியின் எலும்பில் மரக்கூண்டு ஏற்றிய கிழட்டு பஸ். அண்ணனும் தம்பியும் சேர்ந்து சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு உள்ளே இரண்டு கட்டில் பலகை, தகரப் பெட்டிகள், ஒரு மூலையில் அடுப்பு என்று வீடாகவே ஆக்கியிருந்தார்கள். வெயில் காலம் முழுக்க, தீமிதி எங்கே நடந்தாலும் நாம் அங்கே. தோசை, வடை, சுண்டல். பஸ்ஸுக்குள் தூக்கம், பஸ் நிழலில் கடை. பிறகு வாங்கின ஜீப்பை உங்கள் வீட்டுக்காரர், என் மச்சாண்டார், தனியாக ஓட்டிக்கொண்டு வருவார், தண்ணீர் கொண்டுவரவும் சந்தைக்குப் போகவும். பெட்ரோல் ரேஷன் இறுகினபோதுதான் இரண்டு வண்டிக்கும் எண்ணெய் போதாமல், ஜீப்பை பஸ்ஸின் வாலில் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்தார்கள். பாப்பா கைக்குழந்தையாக இருந்த வருஷம்.

இன்சீனிலிருந்து வந்த மெக்கானிக் ஸயா கோ ஸோ இழுவைக் கம்பி செய்து கொடுத்தார். அதை எனக்கு விளக்கிச் சொன்னது உங்கள் கொழுந்தன். உங்களுக்கு விளக்கிச் சொன்னது நான். ஞாபகம் இருக்கிறதா? ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சாண் இடைவெளி. பஸ் வேகம் குறைத்தால் பின்னால் வரும் ஜீப் தன் கனத்தில் முன்னால் வந்து முட்டப் பார்க்கும். அப்போது உள்குழாய் வெளிக்குழாய்க்குள் போகும். அது போகும்போது ஒரு கம்பிக் கயிற்றை இழுக்கும். அந்தக் கயிறு ஜீப்பின் பிரேக் மிதியை அமுக்கும். ஆள் இல்லாமலே ஜீப் தனக்குத் தானே பிரேக் போட்டுக்கொள்ளும். கயிற்றின் முனையில் ஒரு திருகு உண்டு. இறுக்கினால் பிரேக் சீக்கிரம் பிடிக்கும், தளர்த்தினால் தாமதமாகப் பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

முழுவதும் கேட்டுவிட்டு நீங்கள் சொன்னது: "ஆளே இல்லாம அவனே போட்டுக்குவானா? போட மாட்டேன்னு அவன் நெனச்சா?"

அன்றிலிருந்து ஜீப் உங்களுக்கு 'அவன்' ஆகிவிட்டது. பின்னால் வருகிறவன். அதற்கு நினைப்பெல்லாம் கிடையாது, தள்ளுகிற விசைதான் என்று நான் சொல்லப் போய், "நீ படிச்ச பல்கலைக்கழகத்த மூடி மூடித் தொறந்தாங்களே, இந்தப் பாடத்த மூடியிருந்தப்ப நடத்தினாங்களா, தொறந்திருந்தப்ப நடத்தினாங்களா?" என்று கேட்டீர்கள். மச்சாண்டார் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போது சிரிப்புத்தான் வருகிறது.

நீங்கள் யாரையும் நம்பியதில்லை. மீன்காரி தராசை, ஜோசியர் பஞ்சாங்கத்தை, டாக்டர் ஊசியை, எதையும். என்னையும். நான் ஒருநாள் மிங்கலா தாங்ஞுன்ட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் குழந்தையோடு போய்ச் சொல்லாமல் கொள்ளாமல் அங்கேயே தங்கிவிடுவேன் என்று உங்களுக்குச் சந்தேகம். நான் பை எடுத்தால் போதும், உள்ளே என்ன என்று பார்ப்பீர்கள். எனக்கு உங்கள் மேல் வேறு சந்தேகம். உங்களுக்குப் பிள்ளை இல்லை. பஸ் கிளம்பியதும் பாப்பாவை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போய்விடுவீர்கள். "அவனப் பாத்துக்கிட்டே வந்தா புள்ள அழாது" என்பீர்கள். குழந்தை என்னிடம் பசிக்கு மட்டும் வந்தது. கன்னத்தில் தனக்கா அரைத்துப் பூசுவதுகூட நீங்கள்தான். இந்த அம்மாள் என் பிள்ளையைத் தன் பிள்ளை ஆக்கிக்கொள்கிறாள் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஜீப்பைப் பின்னால் கட்டிய பிறகு அதோடு பயமும் சேர்ந்தது. அது வந்து இடித்தால் முதலில் இடிபடுவது அந்தக் கடைசி சீட்டு.

அப்புறம் பாலம்.

நெடுவழி போகும் முன்பு தாகேதா பாலத்தில் ஏறி இறங்கிப் பார்ப்பது அண்ணன் தம்பி வழக்கம். ஜீப்பைக் கட்டி முதல் தடவை இறங்கியபோது, கீழே மூன்று சக்கரச் சைக்காக்கள் வரிசையாக நின்ற இடத்தில் உங்கள் கொழுந்தன் பிரேக் போட்டார். பஸ் நிற்கவில்லை. முதுகில் யாரோ இரண்டு கையையும் வைத்துத் தள்ளுவது போலத் தள்ளிக்கொண்டே போனது. பூசணிக்காய் ஏற்றியிருந்த சைக்காக்காரர் மிதியை விட்டுக் குதித்து ஓடினார். அவர் வண்டியை நூலிழையில் தொடாமல் பஸ் நின்றது. கடைசி சீட்டில் நீங்கள் பாப்பாவை மார்போடு வைத்துக்கொண்டு உங்கள் முதுகை வளைத்து அவளை மூடியிருந்தீர்கள். நான் ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கினேன். நீங்கள் கண்ணாடி வழியே அவனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஸயா கோ ஸோ வந்தார். முற்றத்தில் எல்லோரையும் ஜீப்பின் பின்னால் நின்று தள்ளச் சொன்னார். குழாய் உள்ளே போனது, மிதி கீழே இறங்கியது, சக்கரம் பிடித்தது. கண் முன்னால் சரியாக வேலை செய்தது. இருந்தாலும் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் போனார். மறுபடி பாலம். மறுபடி அதே தள்ளல். மறுபடி ஸயா, மறுபடி முற்றத்தில் ஒழுங்கு, இன்னும் கொஞ்சம் இறுக்கல். வீட்டில் நல்ல பிள்ளை, தெருவில் போக்கிரி.

யார் யாரைச் சந்தேகப்படவில்லை! உங்கள் கொழுந்தன் அவசரப்பட்டு ஓட்டுகிறார் என்று ஸயாவுக்கு. ஸயா அரைகுறை என்று உங்கள் கொழுந்தனுக்கு. பகலில் யாரோ வந்து திருகைத் தளர்த்திவிடுகிறார்கள் என்று மச்சாண்டாருக்கு. அடுத்த தெரு வடைக்கடைக்காரரின் பெயரைக்கூடச் சொன்னார். குழந்தையை முன்னால் உட்காரவைக்க வேண்டும் என்பதற்காக நானே ஏதோ செய்கிறேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் ஜீப் பக்கம் போனபோதெல்லாம் உங்கள் ஜன்னல் திறந்தது.

திருவிழா நெருங்கிவிட்டது. குழந்தையை எடுத்துக்கொண்டு நான் அம்மா வீட்டிலேயே இருக்கிறேன், இந்த வண்டியில் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பயந்துகொண்டிருந்த அதே வார்த்தை. அன்று சோற்றைப் பிசைந்தபடியே, தலையைத் தூக்காமல் சொன்னீர்கள்: "நாளைக்குப் பாலத்துல நான் அவனுக்குள்ளயே ஒக்காந்து வர்றேன். மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துர்றேன்."

இழுத்துப் போகும் ஜீப்புக்குள் ஆள் உட்காருவதாவது என்று மச்சாண்டார் சத்தம் போட்டார். நீங்கள் கேட்கவில்லை. மறுநாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறி, ஸ்டியரிங்கைத் தொடாமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து மிதியையே பார்த்தபடி உட்கார்ந்தீர்கள். பாப்பாவை எதிர்வீட்டு மா கினிடம் விட்டுவிட்டு நான் உங்கள் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். அந்த இடத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். நடுவில் இழுவைக் கம்பி.

பாலத்தின் உச்சி தாண்டி இறங்கும்போது பிரேக் போட்டார்கள். தள்ளல் வந்தது. உங்களைப் பார்த்தேன். நீங்கள் மிதியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்து, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினீர்கள். அசையவே இல்லை. மிதி அசையவில்லை என்றால் கயிறு இழுக்கவில்லை. கயிறு இழுக்கவில்லை என்றால் குழாய் உள்ளே போகவில்லை. நான் கீழே பார்த்தேன். குழாய்கள் சேரும் இடத்தில், அந்த ஒரு சாண் இடைவெளியில், ஒரு துணிப் பொதி இறுகிச் சுற்றியிருந்தது. சிவப்பு, வெள்ளை, மேலே மஞ்சள்.

மச்சாண்டார் கட்டியது. வழி காக்கும் பர்மியத் தெய்வத்துக்குச் சிவப்பும் வெள்ளையும், நம் அம்மனுக்கு மஞ்சள். வண்டி வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று, பழையதை அவிழ்க்காமல் அதன் மேலேயே. கம்பிக்குக் கழுத்து மாதிரி இருந்தது அந்த இடம். மாலை போட வேறு இடம் யாருக்குத் தோன்றும்? ஸயா கோ ஸோ பயபக்தி உள்ள மனிதர். சாமித் துணி மேல் கிரீஸ் படக்கூடாது, அதன் அருகில் காலை வைக்கக்கூடாது என்று வேலையைத் தொடங்கும் முன்பு கும்பிட்டு அவிழ்த்து, துடைத்த தட்டில் வைத்துவிடுவார். அதனால் முற்றத்தில் குழாய் நகர்ந்தது. வேலை முடிந்ததும் மச்சாண்டார் எலுமிச்சை வெட்டி, எல்லாத் துணியையும் சேர்த்து, முன்னைவிட இறுக்கமாகக் கட்டுவார். அதனால் பாலத்தில் நகரவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்றால் சாமிக்குக் குறை என்று இன்னொரு சுற்று.

பாலத்தடியில் இறங்கிச் சொன்னோம். ஸயா இல்லாமல் அவிழ்க்க யாருக்கும் தைரியம் இல்லை. மச்சாண்டார் முகம் வெளுத்துப்போனது. "காப்பாத்தட்டும்னுதானே கட்டினேன்" என்றார். நீங்கள் அவரை ஏசுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் ஜீப்பின் முன்னால் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "நீங்க கட்டினது சரி. எடந்தான் சாமிக்குப் புடிக்கல" என்றீர்கள். அவிழ்த்ததை பஸ்ஸின் முன் கண்ணாடியில் கொண்டுபோய்க் கட்டினீர்கள். அவருக்காக முடிச்சை இரண்டு தடவை போட்டீர்கள்.

அதோடு முடியவில்லை. துணி இல்லாமல் ஓட்டியதும், இத்தனை நாள் வீணாக இறுக்கின இறுக்கலெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, பஸ் லேசாக நிதானித்தாலும் ஜீப் முறுக்கிக்கொண்டு பிடித்தது. வீட்டுக்கு வருவதற்குள் சக்கரத்திலிருந்து புகை. அன்றுதான் நான் அந்த வாசனையை முதல் தடவை முகர்ந்தேன்.

அந்தச் சாயங்காலம் முழுக்கத் திருகைத் தளர்த்துவதும் தெருவில் ஒரு சுற்றுப் போய்வருவதுமாக இருந்தது. பிரேக் போடாமலே ஓடிவந்து சக்கரத்தின் பிரேக் சட்டி சூடாக இருந்தால் இறுக்கம் அதிகம். பிரேக் போட்டுப் போட்டு வந்தும் சில்லென்று இருந்தால் தளர்வு அதிகம். ஸயா தொட்டுப் பார்த்துச் சரி என்றார். நீங்கள் நம்பவில்லை. உங்கள் கொழுந்தன் தொட்டுச் சரி என்றார். சுத்தமாக நம்பவில்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, தோசைக்கல்லில் தெளிப்பது போலச் சக்கரத்தில் விரலால் தெளித்தீர்கள். சுரீர் என்றது. ஸயா இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். அடுத்த சுற்றில் தெளித்தபோது சத்தம் இல்லை. நீங்கள் உள்ளங்கையை வைத்தீர்கள். வைத்து, எடுத்து, மறுபடி வைத்தீர்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு யாருக்கும் கேட்காமல் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"நீ தொட்டுப் பாருடி. என் கை அடுப்புக் கை. இதுக்குச் சூடு தெரியாது."

தொட்டேன். பாப்பாவின் நெற்றியைத் தொடுவது போலத்தான் தொட்டேன், எனக்கு வேறு விதமாகத் தொடத் தெரியாது. நான்கு சக்கரத்தையும் தொட்டுவிட்டு, இதமாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை என்றேன். நீங்கள் என்னை வெகுநேரம் பார்த்தீர்கள். சந்தேகமாகத்தான். "உன் புள்ள அந்த சீட்டுல வருது, யோசிச்சுச் சொல்லு" என்றீர்கள். உன் பிள்ளை என்று என்னிடம் நீங்கள் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுபடி நான்கையும் தொட்டுவிட்டு, சரியாக இருக்கிறது, கடைசி சீட்டிலேயே வரட்டும், உங்களிடமே இருக்கட்டும் என்றேன்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு அப்படித்தான் போனோம். அதற்கடுத்த வருஷங்களும். பாலத்தடியில் இறங்கி நீங்கள் தண்ணீர் தெளிப்பீர்கள், நான் தொடுவேன். என் பையைப் பார்ப்பதை நீங்கள் நிறுத்தவில்லை. நானும் பாப்பா உங்கள் மடியில் தூங்கும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தவில்லை. போன மழைக்காலத்தில் அந்தக் காய்ச்சல் வந்தபோது, டாக்டர் குறைந்துவிட்டது என்றார். நீங்கள் நம்பாமல் என் கையை இழுத்து நெற்றியில் வைத்துக்கொண்டீர்கள். குறையவில்லை என்று என் கைக்குத் தெரிந்தது. ஒண்ணுமில்லை அக்கா என்றேன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள். கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இதுவரை எழுதிவிட்டு முற்றத்துக்குப் போனேன். இப்போது வந்து மீதியை எழுதுகிறேன்.

வெளிச்சம் இருக்கும்போதே இன்னொரு தடவை பாலத்துக்குப் போய் வரச் சொன்னேன். உங்கள் கொழுந்தன் முணுமுணுத்தார். அக்கா போயும் அக்கா போகவில்லை என்றார். மச்சாண்டார்தான், "ஏன்டா, கேக்குறா இல்ல, போயிட்டு வா" என்றார். அவர் இப்போது அதிகம் பேசுவதில்லை. துணியை பஸ்ஸின் முன் கண்ணாடியில்தான் கட்டியிருந்தார், நீங்கள் காட்டிய இடத்தில், இரண்டு முடிச்சோடு. இருந்தாலும் நான் குனிந்து கம்பியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார். கோபப்படவில்லை.

வண்டி வந்ததும் செம்பில் தண்ணீர் எடுத்துப் போய்த் தெளித்தேன். ஜீப்பின் எந்தச் சக்கரத்திலும் சத்தம் இல்லை. கையை வைத்தேன். வலது பக்கம், இடது பக்கம். இரண்டும் ஒன்று போலவே இருந்தன. மறுபடி வைத்தேன். வாசனை லேசாக வந்துகொண்டேதான் இருந்தது, ஆனால் என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. நீங்கள் போனதிலிருந்து தோசைக்கல்லின் முன்னால் நிற்பது நான்.

உங்கள் கொழுந்தனைப் பார்த்தேன். அவர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாப்பாவைக் கூப்பிட்டேன். முதலில் தூரத்தில் காட்டச் சொல்லி, பிறகு அருகில், பிறகு விரல் நுனி, பிறகு உள்ளங்கை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன், சுட்டால் இழுத்துவிட. வலது பக்கம் வைத்துத் தலையாட்டினாள். இடது முன் சக்கரத்தில் வைத்ததும் புருவம் சுருங்கியது. சூடு என்பதை அவள் பர்மா பாஷையில்தான் சொல்வாள்.

"அம்மா, இது பூடெ. அது இல்ல. இது மட்டும் பூடெ."

உங்கள் கொழுந்தன் போய் ஜாக்கி எடுத்துவந்தார். இடது பக்கத்துப் புதுக் கட்டை ஒன்று சரியாக உட்காராமல் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. கழற்றித் தேய்த்து மாட்டி, தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்தார். பாப்பா தொட்டாள். இப்போது எல்லாம் ஒன்று போல இருக்கிறது என்றாள். நிஜமாகவா என்றேன். நிஜமாக என்றாள். இன்னொரு தடவை தொடு என்றேன். தொட்டாள். கடைசி சீட்டு வேண்டும் என்பதற்காகச் சொல்கிறாயா என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள் அக்கா, வெகுநேரம், கண்ணைச் சுருக்கி. யாருடைய பார்வை என்று நான் எழுத வேண்டியதில்லை.

"நம்பலன்னா நீயே ஒக்காந்துக்க" என்றாள்.

நாளை அவள்தான் அங்கே உட்காரப்போகிறாள். எதிரே நான் ஒரு முக்காலி போட்டுக்கொள்கிறேன். அவள் அவனைப் பார்த்துக்கொண்டு வரட்டும். நான் அவளைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

உங்கள் ஓரகத்தி